சோறு கொஞ்சம், கறி கூட: திருகோணமலைச் சாப்பாட்டுக்கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான முதலாளிமாருக்கு,

டொக்கியாட் வீதி, என்.சி. வீதி, பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகள், உப்புவெளி என்று இந்த ஊரில் மதியச் சாப்பாடு விற்கிற எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். காரியாலய வேலைக்காரன் நான். காலையும் இரவும் வீட்டில் சாப்பாடு, மதியம் உங்களிடம். கேட்கப் போவது பெரிய விஷயம் இல்லை. சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் மரக்கறியோ மீனோ கூட்டி வைத்த ஒரு பார்சலை, விலையோடு உங்கள் பலகையில் எழுதி விற்கவேண்டும். அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்பீர்கள். கொஞ்ச காலமாக மாச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் காபோவைதரேற்று என்று படித்தோமே, அதுதான். சோறு, பாண், இடியப்பம், புட்டு, சீனி எல்லாம் அதற்குள் அடக்கம். முழுதாக விடவில்லை, அளவைச் சுருக்கினேன். நிறை பத்துக் கிலோவுக்குக் கிட்டக் குறைந்திருக்கிறது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் நடுவழியில் நின்று கடலைப் பார்ப்பதுபோல் நடித்து மூச்சு வாங்க வேண்டிய தேவை இப்போது இல்லை. பழைய காற்சட்டைகள் இரண்டைத் தையற்கடையில் கொடுத்து இடுப்பைப் பிடித்திருக்கிறேன். சனங்களின் கதைதான் மாறவில்லை. முன்பு "என்ன இப்படிப் பெருத்துப் போனீர்?" என்றவர்களே இப்போது "என்ன வற்றிப் போனீர், ஏதும் வருத்தமோ?" என்கிறார்கள். சரி, அதை விடுவோம்.

முதல் கிழமையில் தராசு முள் விறுவிறென்று இறங்கும். அதில் மயங்கக் கூடாது. ஈரலிலும் தசையிலும் உடம்பு சேமித்து வைக்கிற கிளைக்கோஜின், தன்னைப்போல் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாச்சத்துக் குறைந்தால் முதலில் அது கரையும், தண்ணீர் வெளியேறும். கூடவே உப்பும் போகும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம் ஊரில் சும்மா இருந்தாலே வியர்த்துக் கொட்டும். அந்த நேரம் பார்த்துத் தொடங்கினால் தலையிடியும் சோர்வும் ஆளைப் போட்டு வதைக்கும். உப்புப் போட்ட ரசம்தான் எனக்குக் கைகொடுத்தது. கொழுப்புக் கரைவது அதற்குப் பிறகு, ஆறுதலாக.

வீட்டில் இதைச் செய்வது லேசு. மெலியவேண்டும் என்று வெள்ளைக்காரர் சீஸும் பன்றி இறைச்சியும் தேடி வாங்குகிறார்கள். எங்களுக்கு வாசலில் கடல். விடிய மீன்காரர் வந்து மணியடித்தால் சூடையோ பாரையோ கணவாயோ கிடைக்கும், மீனில் மாச்சத்து இல்லை. முட்டை ஒன்றில் 1 கிராம்கூடத் தேறாது. முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி, புடலங்காய், பாகற்காய் எல்லாம் வயிறு நிறையச் சாப்பிடலாம். சுறா வறை இருக்கிறதே, அவித்து உதிர்த்த சுறாவைத் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாயோடு சட்டியில் போட்டுப் பிரட்டி, மஞ்சள் மணம் அடங்கிய பிறகு இறக்கினால், அதை வெறும் வாயில் அள்ளிச் சாப்பிடுகிற ஆட்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். எங்கள் அம்மாமார் கறியில் குறை வைக்கவில்லை. குறை எல்லாம் கோப்பையில் எதற்கு எவ்வளவு இடம் என்பதில்தான்.

மதியம்தான் சிக்கல். உங்கள் கடையில் நடப்பதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். "தம்பி, சோறு பாதி போதும்" என்பேன். தம்பி தலையாட்டுவார். லஞ்ச் சீற்றை விரித்து, ஒரு கோப்பை சோற்றைக் கவிழ்ப்பார். பிறகு கை பழக்கத்தில் இன்னொரு அகப்பை அள்ளி அதன் தலையில் வைத்து அமத்துவார். "பாதி" என்று மறுபடி சொன்னால், "விலை ஒன்றுதான் அண்ணை" என்று பதில் வரும். காசு இல்லாமல் கேட்கிறேன் என்று அவருக்கு ஒரு எண்ணம். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். கறி பக்கம் வந்தால் கதை வேறு. பருப்பு ஒரு கரண்டி, கிழங்கு ஒரு கரண்டி, வறை மட்டும் விரல் நுனியால் கிள்ளி வைத்ததுபோல் ஓரத்தில் கிடக்கும். கூடக் கேட்டால், "அது முடியப் போகுது."

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து. ஒரு பார்சலில் 400 கிராம் சோறு கிடக்கிறது என்று வைத்தால் 110 கிராமைத் தாண்டும். அதற்கு மேல் கிழங்கு, பருப்பு, அப்பளம். வீட்டில் காலையும் இரவும் நான் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டதெல்லாம் உங்கள் ஒரு பார்சலில் காலி. சிவப்பரிசி நல்லதுதானே என்பீர்கள். நார் கூடத்தான், ஆனால் மாச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அளவு அளவுதான். சோற்றைப் பாதியாக்கினால் எனக்கு நாள் முழுவதும் சரிவந்துவிடும்.

உங்கள் பக்க நியாயமும் தெரியும். பார்சலில் மலிவானது சோறு. "சோறு எவ்வளவும் போடுவோம், கறிக்குக் காசு" என்று எல்லாக் கடையிலும் நடப்பது அதனால்தான். மீன் விலை கடலுக்குப் போகிறவர்களுக்கே தலைசுற்றுகிற அளவில் இருக்கிறது. ஆகவே விலையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சோற்றைப் பாதியாக்குங்கள், விலை அதேயாக இருக்கட்டும், மிஞ்சுகிற காசுக்கு ஒரு கரண்டி கீரையோ ஒரு அவித்த முட்டையோ வையுங்கள். கட்டுப்படி ஆகாவிட்டால் கொஞ்சம் கூட எடுங்கள். பலகையில் எழுதியிருந்தால் யாரும் கூச்சப்படாமல் கேட்பார்கள்.

கேட்கிற ஆள் நான் ஒருவன் மட்டும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் காரியாலயத்தில் மத்தியானம் பார்சலைப் பிரித்ததும் சோற்றில் பாதியை ஓரமாக ஒதுக்குகிறவர்களை எண்ணினால் ஒரு மேசை நிறையும். முக்கால்வாசிப் பேருக்குச் சீனி வருத்தம், மற்றவர்களுக்குப் பிரசர். ஒதுக்கிய சோறு நாய்க்கோ குப்பைக்கோ போகிறது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வெயிலில் நின்று விளைவித்த நெல் அது. சோறு வேண்டாம் என்று நான் எழுதுவதைக் கண்டு வயல்காரர் கோபிக்கலாம், ஆனால் அவர்களும் கொட்டுவதற்காக விளைவிக்கவில்லை.

இன்னொரு கோபமும் வரும், அது நியாயமான கோபம். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தி விளைச்சல் விழுந்ததையும், 2022இல் காஸுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. ஒரு நேரச் சோற்றோடு படுத்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவருக்கும் வலை இழுக்கிறவருக்கும் முழுப் பார்சல் வேண்டும், அதை யாரும் தொடக்கூடாது. நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற என்னைப் போன்றவனுக்கும் அதே அளவு ஏன் என்பதுதான் என் கேள்வி.

சோற்றைத் தவிர இன்னும் ஒன்றிரண்டு சொல்ல இருக்கிறது. தேத்தண்ணி. பிளேன்டீ சொன்னால் சீனி தானாக வந்து விழுகிறது, அதுவும் கரண்டி குவிய. ஒரு தட்டைக் கரண்டியே 4 கிராம். எங்கள் அப்பப்பா காலத்தில் வெறுந்தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பனங்கட்டியைக் கடித்தார்கள், வேண்டிய அளவு அவரவர் கையில் இருந்தது. சீனியைத் தனியாகத் தாருங்கள். 2016இல் இருந்து குளிர்பானப் போத்தலில்கூடச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீனியின் அளவுக்கு நிறம் போட்டுக் காட்டுகிறார்கள். தேத்தண்ணிக்கு நிறம் வேண்டாம், ஒரு கேள்வி போதும்: "சீனி போடவா?"

பின்னேரம் உங்கள் கண்ணாடிப் பெட்டியில் ரோல்ஸ், பற்றிஸ், பணிஸ், வாய்ப்பன். எல்லாம் கோதுமை மா. சீனன்குடாவில் பிரிமா ஆலை நாட்டின் மாவில் பெரும் பங்கை அரைக்கிறது, அதற்காக அதை எல்லாம் நாங்களே தின்று முடிக்க வேண்டிய கடமை ஏதும் இல்லை. அவித்த முட்டை, தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்த கடலை இருந்தால் வாங்க ஆள் உண்டு. கடலையிலும் மாச்சத்து இருக்கிறது, ஆனால் நாரும் புரதமும் சேர்ந்து வருவதால் ஒரு கை அள்ளினாலே பசி அடங்கும்.

இரவுக் கடைக்காரருக்கு ஒரு வார்த்தை. "றொட்டி இல்லாமல் கொத்து போடலாமோ நானா?" என்று ஒரு இடத்தில் கேட்டேன். இரண்டு தகடும் அந்தரத்தில் நின்றன. பிறகு சிரித்துக்கொண்டே கோவா, கரட், லீக்ஸ், இரண்டு முட்டை, கோழி எல்லாம் போட்டு அதே தாளத்தோடு கொத்தித் தந்தார். அருமை. இப்போது நான் கடைக்குள் காலை வைக்கும்போதே "றொட்டி இல்லாதவர் வாறார்" என்று உள்ளே குரல் கொடுக்கிறார். டெவல் கறியில்தான் மாச்சத்தை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். கோழியைக் கோர்ன் மாவில் பிரட்டிப் பொரித்து, தக்காளி சோஸும் சீனியும் ஊற்றினால் அது இறைச்சி என்ற பெயரில் வருகிற இனிப்பு. மிளகு போட்டுச் சும்மா பிரட்டித் தாருங்கள்.

வெள்ளிக்கிழமைதான் எனக்குப் பெரிய சோதனை. மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. சைவக்கடையில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, அப்பளம், முடிவில் பாயாசம். பத்திரகாளி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேராக வந்து உட்காருகிறவனுக்கு முன்னால் மாச்சத்து நாலு வேடத்தில் நிற்கும். சோயாமீற் பிரட்டல், கத்தரிக்காய், பயிற்றங்காய், கீரைக் கடையல் இவற்றில் இரண்டைப் பெரிய கரண்டியால் வைத்தால் சைவக்காரரும் தப்பலாம்.

இது ஏதோ நேற்று முகநூலில் வந்த கூத்து என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று. 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்ற ஒருவர், இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் தொழில்காரர், தன் உடல் பருமனைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் எழுதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். குனிந்து சப்பாத்துக் கட்ட முடியாமல், படியில் பின்பக்கமாக இறங்கிய மனிதர். டொக்டர் சொல்லி பாண், சீனி, உருளைக்கிழங்கு, பியர் எல்லாவற்றையும் நிறுத்தினார். 66 வயதில் 202 இறாத்தல் இருந்தவர் ஒரு வருடத்தில் 46 இறாத்தல் குறைந்தார். அவர் எழுதியதும் திறந்த மடல்தான், ஆகவே நான் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. 1972இல் அமெரிக்காவின் டொக்டர் அட்கின்ஸ் இதையே இன்னும் இறுக்கி, தொடக்கத்தில் மாச்சத்தை ஏறக்குறைய முழுதாகவே நிறுத்தச் சொன்னார். அது நம் பக்கத்துக்கு ஒத்துவராது, எனக்கும் வேண்டாம்.

இதுதான் ஒரே வழி என்றும் நான் சாதிக்கவில்லை. 2018இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரி 5.3 கிலோ, மாச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ குறைந்தது. சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கத்தாருக்கும் சொன்ன பொதுப் புத்தி, சீனியையும் தீட்டிய மாவையும் குறைத்து மரக்கறியைக் கூட்டச் சொன்னது. உங்களிடம் நான் கேட்பதும் அதையேதான்.

இதை வாசிக்கிற வாடிக்கையாளருக்கு ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற சீனி வருத்தக் குளிசை எடுக்கிறவர்களும் தன்பாட்டில் சோற்றைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சீனி வருத்தக் குளிசையோடு மாச்சத்தை அதிகம் குறைப்பது இரத்தத்தை அமிலமாக்கும் ஆபத்தைக் கூட்டும், சீனி அளவு சரியாகத் தெரிந்தாலும்கூட. பிரசர் குளிசையின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். பிள்ளைத்தாய்ச்சிகள், சிறுநீரக வருத்தக்காரர் இந்தப் பக்கமே வரவேண்டாம். சாம்பல்தீவில் இருக்கிற என் அக்கா கிளினிக்கில் கேட்டு, டொக்டர் குளிசையைக் குறைத்துத் தந்த பிறகுதான் இடியப்பத்தை எண்ணிச் சாப்பிடத் தொடங்கினா.

முதலாளிமாரே, பரீட்சித்துப் பார்க்க உங்களுக்குச் செலவு ஒரு சோக்கட்டிதான். ஒரு கிழமைக்குப் பலகையில் "பாதிச் சோறு, கூடக் கறி" என்று எழுதி, பக்கத்தில் விலையைப் போடுங்கள். எத்தனை போகிறது என்று பாருங்கள். போகாவிட்டால் அழித்துவிடலாம். பார்சல் கட்டுகிற தம்பிமாரிடமும் ஒருமுறை சொல்லி வையுங்கள், பாதி என்றால் பாதி, மேலே வைத்து அமத்த வேண்டாம் என்று. திங்கட்கிழமை மதியம் நான் வருவேன், கூட வேலை செய்கிற நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு. சுறா வறை இருந்தால் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடையின் நெடுநாள் வாடிக்கையாளன்,
திருகோணமலை