கறுப்பு நிறத்தை உடனே நம்ப வேண்டாம், ஐயா

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மகள் வாங்கித் தந்த மடிக்கணினியில் ஃபிராக்டல் ஓவியம், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே புதுப்புது நுணுக்கங்கள் விரியும் கணித வடிவம், வரைய ஆசைப்படுவதாகவும், அதற்கு எந்த மென்பொருளை வாங்குவது என்று தெரியவில்லை என்றும் சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னீர்கள். அப்போது பேருந்தில் நின்றுகொண்டிருந்ததால் "எழுதுகிறேன் ஐயா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். ஒரு பொத்தானை அழுத்தியவுடன் மயில்தோகை போன்ற படங்களைத் தள்ளும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் தொடங்கியவர்கள் நான்கு நாட்கள் வியந்துவிட்டு ஐந்தாம் நாள் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் எங்களுக்குக் கலப்பெண்கள் (மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் சேர்ந்த எண்கள்) நடத்திய தங்களுக்கு அந்தக் குறுக்குவழி தேவையே இல்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

விதி ஒன்றே ஒன்றுதான். கலப்பெண்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் ஆர்கன் தளத்தில் சி என்று ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ள வேண்டும். இசட் என்னும் எண்ணைப் பூச்சியத்தில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் அதன் வர்க்கத்தோடு சி-யைக் கூட்டி, வரும் விடையைப் புதிய இசட்டாகக் கொள்ள வேண்டும். சி-யின் மதிப்பு 1 என்றால் 0, 1, 2, 5, 26 என்று ஓடியே போய்விடுகிறது. −1 என்றால் 0, −1, 0, −1 என்று இரண்டு இடங்களுக்கிடையே ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. இசட்டின் மட்டு மதிப்பு, அதாவது பூச்சியத்திலிருந்து அதன் தூரம், ஒருமுறை 2-ஐத் தாண்டிவிட்டால் அது திரும்பி வராது என்பதைத் தாங்களே இரண்டு வரிகளில் நிறுவிவிடுவீர்கள். ஓடிப்போகாத புள்ளிகளின் தொகுப்புக்குத்தான் மாண்டல்பிராட் கணம் என்று பெயர்.

1980-இல் நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் பெனுவா மாண்டல்பிராட் இதைக் கணினியில் வரைந்து ஆராய்ந்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. ஆனால் 1978-லேயே ராபர்ட் புரூக்ஸ், பீட்டர் மாடெல்ஸ்கி என்ற இருவர் வெறும் நட்சத்திரக் குறிகளை அடுக்கி இதன் படம் ஒன்றை வரைந்திருந்தார்கள். தங்கள் முதல் படமும் அப்படியே இருக்கட்டும் என்பது என் ஆசை. பைதான் என்னும் கணினி நிரல் மொழியை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். அதில் கலப்பெண்கள் மொழிக்குள்ளேயே இருக்கின்றன. −1-இன் வர்க்கமூலமான கற்பனை அலகை மட்டும் அது ஐ என்று எழுதாமல் மின்பொறியாளர்களைப் போல ஜே என்று எழுதும். அதற்காகத் தாங்கள் கோபப்படக் கூடாது. மெய் அச்சில் −2 முதல் 0.5 வரை 0.05 இடைவெளியிலும், கற்பனை அச்சில் −1.2 முதல் 1.2 வரை 0.1 இடைவெளியிலும் புள்ளிகளை எடுத்தால் 51 பத்திகள், 25 வரிசைகள், ஆக 1275 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 100 சுற்றுகள் பொறுத்துப் பார்த்து, ஓடாதவற்றுக்கு ஒரு நட்சத்திரமும் ஓடியவற்றுக்கு ஒரு வெற்றிடமும் அச்சிடச் சொல்லுங்கள். இருபது வரிகளுக்குள் முடிந்துவிடும் இந்த நிரலை ஓட்டினால், கண் இமைப்பதற்குள் திரையில் ஒரு சுரைக்குடுவை பக்கவாட்டில் படுத்திருக்கும். வலப்பக்கம் பெரிய குடம், இடப்பக்கம் சிறிய உருண்டை, இரண்டுக்கும் நடுவில் −0.75 என்னும் இடத்தில் ஒரு கழுத்து.

அந்தக் கழுத்தில்தான் இந்தக் கலையின் முதல் பாடம் இருக்கிறது. 1991-இல் டேவிட் போல் என்பவர், கழுத்து உண்மையிலேயே ஒரே புள்ளி அளவுக்கு மெலிந்ததுதானா என்று சோதித்தார். கழுத்திலிருந்து நேர் மேலே 0.1 தூரத்தில் உள்ள புள்ளி ஓடிப்போவதற்கு 33 சுற்றுகள் ஆயின. 0.01 தூரத்தில் 315 சுற்றுகள். 0.001 தூரத்தில் 3143. அந்த எண்களைத் தூரத்தால் பெருக்கிப் பாருங்கள்: 3.3, 3.15, 3.143. வட்டமே இல்லாத கணக்கில் வட்டத்துக்குரிய பை (π, 3.14159…) வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டபோது, வகுப்பில் இதைத் தாங்கள் எங்களுக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியப்பு ஒருபுறம் இருக்க, படம் வரைபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. சுற்று வரம்பை 1000 என்று வைத்தால், 0.001 தூரத்தில் இருக்கும் அந்தப் புள்ளி கறுப்பாக, அதாவது ஓடாத புள்ளியாக, படத்தில் விழும், அது பொய். கறுப்பு என்பது நாம் பொறுத்திருந்த வரையில் ஓடாத புள்ளி, அவ்வளவுதான். பெரிதாக்கிக்கொண்டே உள்ளே போகும்போது சுருள்கள் மழுங்கிக் கறுப்புத் திட்டாக அடைந்துவிட்டால், படம் அங்கே முடிந்துவிட்டது என்று எண்ணித் திரும்பிவிடாதீர்கள். வரம்பை இரட்டிப்பாக்கினால் அந்தத் திட்டுக்குள்ளிருந்து புதிய சுருள்கள் கிளம்பும். என் முதல் ஆறு மாதப் படங்கள் பெரும்பாலும் இப்படி அரைகுறையாகக் கறுத்தவை என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன்.

அடுத்தது நிறம். உருவம் எல்லோருக்கும் பொது; அதே விதியை உலகில் யார் போட்டாலும் அதே சுரைக்குடுவைதான் வரும். எங்கே நிற்கிறோம், எந்த நிறம் பூசுகிறோம் என்ற இரண்டு மட்டுமே வரைபவருக்குச் சொந்தம். ஓடிய புள்ளிக்கு எத்தனை சுற்றுகள் ஆயின என்ற எண்ணிக்கையைக் கொண்டே நிறம் தரப்படுகிறது. எண்ணிக்கை முழு எண்ணாக இருப்பதால், நிலவரைபடத்தின் சமஉயரக் கோடுகளைப் போல நிறங்கள் பட்டை பட்டையாக விழும். சிலருக்கு அந்தப் பட்டைகள் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. அவற்றைக் கரைக்க ஒரு வழி உண்டு. ஓடிவிட்டதாக முடிவுசெய்யும் எல்லையை 2-இலிருந்து 100-க்கு உயர்த்திவிட்டு, தாண்டிய கணத்தில் இசட்டின் மட்டு மதிப்புக்கு மடக்கை (லாகரிதம்) கண்டு, அந்த விடைக்கு 2-ஐ அடிமானமாகக் கொண்டு மீண்டும் ஒரு மடக்கை கண்டு, அதைச் சுற்று எண்ணிக்கையிலிருந்து கழித்தால், பின்னங்களோடு கூடிய எண் கிடைக்கும். நிறம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். புதிதாக வருபவர்கள் வானவில்லின் ஏழு நிறங்களையும் ஒரே படத்தில் கொட்டிவிடுகிறார்கள். தாங்கள் கரும்பலகையில் வெள்ளைக் கோட்டின் மேல் ஒரே ஒரு மஞ்சள் சாக்பீஸ் கோடு போடுவீர்கள். அதுதான் எங்கள் கண்ணில் நிற்கும். அந்தச் சிக்கனம் இங்கேயும் வேண்டும். இரண்டு மூன்று நிறங்களை எடுத்து, கடைசி நிறம் முதல் நிறத்தோடு தையல் தெரியாமல் சேரும்படி வட்டமாக அமைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு, ஊர் சுற்றிப் பார்க்க ஒரு வாகனம் வேண்டும். கேயாஸ் என்று உச்சரிக்கப்பட்டாலும் எக்ஸ், ஏ, ஓ, எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளால் பெயர் எழுதப்படும் ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் சுட்டியின் இடப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் படம் நம்மை நோக்கி வளர்ந்துகொண்டே வரும். வலப் பொத்தான் பின்னால் இழுக்கும். கழுத்தை ஒட்டி −0.75, 0.1 என்ற இடத்துக்குப் போனால் கடற்குதிரை வால்கள் வரிசையாகச் சுருண்டிருக்கும்; அந்த இடத்தையே கடற்குதிரைப் பள்ளத்தாக்கு என்பார்கள். இடப்பக்கம் நீளும் ஊசியில் −1.75 அருகே பெரிதாக்கினால், முழுச் சுரைக்குடுவையும் சின்னஞ்சிறு வடிவில் மறுபடி எதிர்ப்படும்.

ஒரே இடத்தில் பல லட்சம் கோடி மடங்கு பெரிதாக்கினால் படம் சதுரக் கட்டங்களாக உடையும். முதன்முதலில் அதைக் கண்டபோது திரை பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கணினியை அணைத்துப் போட்டேன். பழுது ஒன்றுமில்லை, கணினி வழக்கமாக ஓர் எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்களையே வைத்துக்கொள்வதால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் அதற்கு ஒரே எண்ணாகிவிடுகின்றன. அதற்கும் ஆழமாகப் போக விரும்புவோருக்குக் கேலஸ் ஃபிராக்டலர் என்ற மென்பொருள் உண்டு. அது ஒரு புள்ளியை மட்டும் மிகுந்த துல்லியத்தோடு கணக்கிட்டு, மற்றவற்றை அதிலிருந்து உள்ள வேறுபாடாகக் கணக்கிடும். 1992-இல் ஸ்காட் டிரேவ்ஸ் உருவாக்கிய தழல் ஃபிராக்டல்கள், 2009-இல் வெளிவந்த முப்பரிமாண மாண்டல்பல்பு போன்றவை வேறு குடும்பம். அவற்றுக்கு இன்னொரு கடிதம் வேண்டும்.

அச்சிடுவது பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. திரை அளவான 1920-க்கு 1080 படத்தை நான் ஒருமுறை 18 அங்குல அகலத்தில் அச்சிடக் கொடுத்து, படிக்கட்டுப் படிக்கட்டான சுருள்களோடு திரும்பி வந்தேன். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டால், 18-க்கு 12 அங்குல அச்சுக்கு 5400-க்கு 3600 புள்ளிகள் வேண்டும். திரையில் ஒளிர்ந்த நீலமும் தாளில் மங்கித்தான் விழும். பெரிய அளவில் மறுபடி வரைந்துகொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தால், படத்தைச் சேமித்த நான் அதன் ஆயத்தொலைகளைக் குறித்துவைக்கவில்லை. இரண்டு வாரம் தேடியும் அந்த இடம் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆகவே, தங்கள் முதல் வண்ணப் படம் அமைந்ததும் தயவுசெய்து எனக்குப் படத்தை அனுப்ப வேண்டாம். மையப் புள்ளியின் மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி, படத்தின் அகலம், சுற்று வரம்பு, நிறங்கள் ஆகியவற்றை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். நான் இங்கே போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள் அன்பு மாணவன்