செவுளில் படித்த பாடம்

அன்புள்ள சரவணா,

உன் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் நிலைகொண்டது. கொஞ்ச நாளைக்கு நுண்ணோக்கிப் பக்கம் போகாதே. உனக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

கலப்பின மீனுக்கு நோய் அண்டாது என்று யாரோ அடித்துச் சொன்னதாக எழுதியிருந்தாய். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். ஆனால் ஒரே மீன் ஒரு புழுவுக்கு இடம் தராமல், இன்னொன்றுக்குத் தாராளமாக இடம் தருகிறது. ஒவ்வொரு புழுவும் வந்துசேரும் வழி வேறு. செவுளில் கொக்கி மாட்டி வாழும் டாக்டிலோகைரஸ் புழுவின் இளம்பருவம் நீந்திவந்து நேரே மீனைப் பற்றுகிறது. அந்தப் பேரினத்தின் பெரும்பாலான புழுக்கள் ஓரிரு மீனினங்களைத் தவிர வேறு எதையும் தீண்டுவதில்லை. ஆகவே அவற்றுக்கு மீனின் வம்சம்தான் முக்கியம். குடல்புழுக்களில் பலவும் இரையோடு உள்ளே போகின்றன. அங்கே வம்சத்தைவிட மீன் எங்கே மேய்கிறது, என்ன தின்கிறது என்பதே பெரிதாகிவிடுகிறது.

மெக்சிகோவின் சொனோராவில் நடந்த ஓர் ஆய்வை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். அங்குள்ள ஓடைக் குட்டைகளில் பொயிசிலியோப்சிஸ் என்ற சிறு மீன்கள் வாழ்கின்றன. இரண்டு இனங்கள் கலந்ததில், பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு வம்சம் உருவானது. தாய் இனத்து ஆணின் விந்து முட்டையைத் தூண்டுவதோடு சரி, குஞ்சில் அதன் மரபணு சேர்வதில்லை. மகள் தாயின் நகல். நத்தையில் வளர்ந்து மீனின் தோலில் புகும் ஒரு புழு அங்கே உண்டு. அது தங்கும் இடத்தில் கரும்புள்ளி விழும். புள்ளிகளை எண்ணிப் பார்த்தால், ஆணும் பெண்ணும் கூடிப் பெருகிய மீன்களைவிட நகல் மீன்களிடமே அதிகம்.

1976 வறட்சியில் ஒரு குட்டை வற்றியது. பிறகு திரும்பி வந்த சில மீன்களிலிருந்து பெருகியதால், கூடிப் பெருகும் இனம் உறவுக்குள்ளேயே கலந்து மரபு வளத்தை இழந்தது. அந்தக் குட்டையில் மட்டும் கணக்கு தலைகீழானது: அப்போது புள்ளிகள் கூடிப் பெருகிய மீன்களிடம்தான் அதிகம். 1983இல் அதே கூடிப் பெருகும் இனத்தின் பெண்மீன்களை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விட்டதும், இரண்டே ஆண்டுகளில் நிலைமை மறுபடி மாறியது. லைவ்லி, கிராடக், விரியன்ஹுக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் இதை வெளியிட்டார்கள். முதலில் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. இரு இனங்கள் கலந்த உடல் என்பது மட்டும் மீனைக் காக்கவில்லை. கூட்டத்துக்குள் இருந்த மரபு வேறுபாடுதான் காத்தது.

ஆறுகளில் அயல் மீன்களை அள்ளி விடுகிறவர்கள்மீது எனக்கு வரும் கோபத்துக்கும் இதுவே காரணம். மீன் தனியாகப் போவதில்லை, செவுளில் புழுவையும் சுமந்து போகிறது. உள்ளூர் இனத்தோடு அது கலந்தால், அந்தக் கலப்பின மீன் புழுவுக்குப் பாலமாகலாம். நிறத்தையும் செதிலையும் பார்த்துக் கலப்பினத்தைத் தீர்மானிப்பதும் ஆபத்து. பெற்றோர் இனத்தோடு மறுபடி கூடிப் பிறந்தவை அசல் போலவே இருக்கும். மரபணுச் சோதனை இல்லாமல் என் கண்ணையே நான் நம்புவதில்லை.

நாம் முன்பு வரைந்த செவுள்புழுக் கொக்கிகளின் படங்கள் உன் பெட்டியில் இருந்தால் அனுப்பி வை. இன்று ஒரு கலப்பின மீனின் செவுளில் இரண்டு வகைக் கொக்கிகளைக் கண்டேன். ஒன்று எந்தப் புழுவுடையது என்று இன்னும் பிடிபடவில்லை.

அன்புடன்,
மணி