ஹெட்டை இறக்கும் முன் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காரில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) அடிக்கடி குறைகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டதற்கு, ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே வாயுவும் நீரும் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும், என்ஜினைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள் என்று தங்கள் வாகனப் பக்கத்தில் பதில் வந்திருந்தது. போயிருக்கலாம். ஆனால் பிரித்துப் பார்ப்பது, சோதனையெல்லாம் முடிந்தபின் செய்ய வேண்டிய வேலை. ஹெட்டை இறக்கிவிட்டால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்க முடியாது, கூலன்ட்டில் புகை கலக்கிறதா என்றும் பார்க்க முடியாது. பழுது வேறெங்கோ இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வழியும் அத்தோடு போயிற்று.

முதலில் ரேடியேட்டர் மூடி. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். மூடி எத்தனை பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதன் கணக்கு அது. அந்த அழுத்தம் நின்றால்தான் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். ரப்பர் வாஷர் காய்ந்துபோன மூடி, பாதி அழுத்தத்திலேயே திறந்து கூலன்ட்டை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளும். டேங்க் நிரம்பி, ஓடும்போதே வழிந்து காய்ந்துவிடும். நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டும் இருக்காது. மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வால்வு அடைத்துக்கொண்டால் கதை வேறு: என்ஜின் ஆறும்போது டேங்கிலிருந்து நீர் திரும்பாமல், மேல் ஹோஸ் சப்பிப்போய் நிற்கும். இந்த ஒரு மூடியால் பிரிக்கப்பட்ட என்ஜின்கள் கொஞ்சமல்ல. (சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது, கையும் முகமும் வெந்துவிடும்.)

அடுத்தது பிரஷர் டெஸ்டர். நன்றாக ஆறிய என்ஜினில் மூடி இருக்கும் இடத்தில் அந்தக் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, 15 நிமிடம் விட வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நன்றாக இருக்கும் ரேடியேட்டரும் விரிசல் விடும். முள் இறங்கினால் டார்ச்சோடு தேடுங்கள். அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும் சேரும் மடிப்பு, ஹோஸ் கிளாம்ப், தெர்மோஸ்டாட் மூடி, என்ஜின் பிளாக்கில் துளையை மூட அடித்திருக்கும் கோர் பிளக் என்ற தகடு, இவையெல்லாம் வழக்கமான இடங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் நீர் அதன் வழியே வரட்டும் என்றே வைத்தது. அதை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் நீர் பேரிங்குக்குப் போகும், பம்ப் இறுகிவிடும். வெளியே எதுவும் தெரியாமல் முள் மட்டும் இறங்கினால் டேஷ்போர்டுக்குக் கீழே கால்மிதியைத் தூக்கித் தடவிப் பாருங்கள். ஈரமும் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. முன்கண்ணாடியில் உட்புறம் எண்ணெய்ப்பசை போல ஆவி படிவதும் அதனால்தான்.

வெளியேயும் இல்லை, காருக்குள்ளேயும் இல்லை என்றால் மட்டுமே கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் எல்லோரும் காட்டும் இரண்டு அடையாளங்கள் ஏமாற்றக்கூடியவை. காலையில் சைலன்சரில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவியாக இருக்கலாம். என்ஜின் முழுதாகச் சூடேறிய பின்னும் நிற்காமல் வந்தால்தான் பொருட்படுத்த வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் ஒட்டும் வெளுத்த கூழ், குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரக்காற்று குளிர்ந்து உண்டாவது. ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே கூழ் இருக்கிறதா, அடியில் ஆயிலை வடிக்கும் சம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் ஆயிலுக்கு முன் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வந்தாலும்கூட, ஆயில் கூலர் உள்ள என்ஜினில் அந்தக் கூலரின் சீல் போயிருக்க வாய்ப்புண்டு. டீசலில் கூலன்ட் குறைந்து வெள்ளைப் புகையும் வந்தால் இ.ஜி.ஆர். கூலரையும் (புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து என்ஜினுக்கே திருப்பும் பகுதி) பார்க்காமல் ஹெட்டில் கை வைக்கக் கூடாது.

கருவியே இல்லாமல் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. இரவு முழுக்க ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து மூடி, மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நீர் இன்னும் சூடாகாத முதல் ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் விறைக்கக் காரணமே இல்லை. விறைத்தால், சிலிண்டரில் எரியும் வாயு நீர்ப்பாதைக்குள் நுழைகிறது.

அதை உறுதி செய்ய நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டரில் நீர்மட்டத்தை ஐந்தாறு சென்டிமீட்டர் இறக்கி, சூடேறிய என்ஜினை ஓடவிட்டு, மேலே நிற்கும் காற்றை ரப்பர் பல்பால் இரண்டு நிமிடம் அந்த நீலத் திரவத்தின் வழியே உறிஞ்ச வேண்டும். கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். கூலன்ட் ஒரு துளி உறிஞ்சப்பட்டாலும் திரவம் கெட்டது, மாற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள். நிறம் மாறவில்லை என்பதற்காகக் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாரம் ஏறும்போது மட்டும் திறக்கும் சிறு கசிவு, வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது அகப்படாது. வண்டியை ஏற்றத்தில் ஓட்டிவந்த கையோடு சோதிக்க வேண்டும். குமிழியை மட்டும் நம்புவதும் தவறு. நீர் புதிதாக நிரப்பிய என்ஜினில் ஏர்லாக் (உள்ளே சிக்கிய காற்று) கொஞ்ச நேரம் குமிழி விட்டு அடங்கும். கேஸ்கெட் குமிழி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடும்.

எந்தச் சிலிண்டர் என்று சொல்வது கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஒவ்வொரு சிலிண்டரையும் சமமாக ஐந்தாறு சுற்று சுற்றவிட வேண்டும். இருப்பதிலேயே உயர்ந்த அளவில் முக்கால் பங்குக்கும் கீழே ஒன்று நின்றால் கோளாறு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைந்தால் நடுவே கேஸ்கெட் வெந்திருக்கிறது. அப்போது கூலன்ட் குறையாமலும் இருக்கலாம். ஒன்று மட்டும் குறைந்தால் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். கேஜ் எல்லாம் சரியாகக் காட்டியும் சந்தேகம் தீரவில்லை என்றால், கூலன்ட் பக்கம் பிரஷர் ஏற்றி இரவு முழுக்க வைத்து, காலையில் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கசியும் சிலிண்டர் நீரைப் பீய்ச்சும். பிளக்கோடு சுற்றினால் நீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும்.

இத்தனைக்கும் பிறகு ஹெட்டை இறக்கினால், புதுக் கேஸ்கெட்டை வைத்து முறுக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அலுமினியம் இரும்பைப் போல இரு மடங்கு விரியும் உலோகம். ஒருமுறை கொதித்த ஹெட் கோணிக்கொள்ளும். நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளந்தால் பல கையேடுகளில் 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. வால்வு சீட்டுகளுக்கு இடையே விரிசல் இருக்கிறதா என்று ஹெட்டைத் தனியாகப் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். பிளாக்கின் போல்ட் துளைகளில் ஆயிலோ நீரோ தேங்கியிருக்கக் கூடாது. முறுக்கும்போது அது அமுங்காமல் பிளாக்கையே பிளக்கும். கோணக் கணக்கில் (இத்தனை டிகிரி என்று) முறுக்கும் போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. கசிவை அடைக்கும் பொடி, திரவம் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்; ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரை அடைத்துவிடும்.

இனி இத்தகைய கேள்விகள் வந்தால், வண்டி எப்போது சூடாகிறது என்பதையும் வாசகரிடம் கேட்டு வாங்குங்கள். நெரிசலில் மட்டும் என்றால் ஃபேன் அல்லது அதன் சுவிட்ச். வேகமாக ஓடும்போது மட்டும் என்றால் உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டர். சம தரையில் சரியாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் முள் ஏறி, ரிசர்வ் டேங்கும் பொங்கினால், அப்போது கேஸ்கெட் என்று பதில் எழுதலாம்.

இப்படிக்கு,
கார் பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து ஒரு வாசகர்