"அங்கேயே பார்த்துக்கலாம்" என்றாயாமே

மாப்ளே,

எட்டு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டுவதென்றால் திட்டிவிடு, வாங்கிக்கொள்கிறேன். வேலை, வீடு மாற்றம், பொடியனின் பல் என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம், நீ நம்பப் போவதில்லை. எல்லாரும் நலம். நம்ம "தாடி" பயல் மீசையை எடுத்துவிட்டானாம், ஃபோட்டோ பார்த்தேன், அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

நேற்று தங்கச்சி செய்தி அனுப்பியிருந்தாள். குடும்பத்தோடு இசை நிகழ்ச்சிக்குப் போகிறீர்கள், ஆறு டிக்கெட், அம்மாவும் வருகிறார்கள் என்று. ரொம்பச் சந்தோஷம். கடைசியில் ஒரு வரி: "சாப்பாடு அங்கேயே பார்த்துக்கலாம்னு சொல்லிட்டார்." அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே வாக்கியத்தைச் சொல்லித்தானே டூரில் பதினோரு பேரை ராத்திரி முழுக்க பிளாட்பாரத்தில் படுக்க வைத்தாய்?

போன வருடம் நாங்கள் போன கதையை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை, நல்லா இருந்தது என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஏழரை மணி நிகழ்ச்சி. ஆறு மணிக்கு அரங்க வாசலில் இறங்கினோம். ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, ஆற அமரச் சாப்பிடலாம் என்று கணக்கு. டிக்கெட் வாங்கிய அத்தனை பேரும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தார்கள். முதல் ஹோட்டலில் வாசலிலேயே கையை விரித்துவிட்டார்கள். இரண்டாவதில் வரிசை தெருமுனை வரை. மூன்றாவதில் இடம் கிடைத்தது, ஏன் கிடைத்தது என்று மெனுவைப் பார்த்ததும் புரிந்தது. ஒரே ஒரு அட்டை. நிகழ்ச்சி நாள் என்பதால் வழக்கமான மெனு கிடையாதாம், தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை, ஆறு வயசுப் பிள்ளைக்கும் அதே. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள், அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார், நானும் கௌரவம் பார்த்தேன்.

உட்கார்ந்ததும் அத்தை கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சர்க்கரை நோய் மாத்திரை. உட்கார்ந்தால் தட்டு வரும் என்று நினைத்தது அவர் தப்பா? ஐம்பது நிமிடம் வரவில்லை. பொடியன்தான் முதலில் கவனித்தான், "பாட்டி கை ஏன் ஆடுது?" என்றான். நான் ஃபோனில் எந்த நுழைவாயில் என்று தேடிக்கொண்டிருந்தேன், "சும்மா இருடா" என்றேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை, கேட்டதற்குப் பதில் கோர்வையாக வரவில்லை. மேசையில் காப்பிக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்களைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். பொட்டலத்தைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை, பல்லால் கடித்தேன். ரத்தச் சர்க்கரை இப்படி இறங்கினால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து ரத்தத்தில் அளந்து பார்த்து, 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அப்புறம் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அந்தப் பொட்டலம் மட்டும்தான். அவர் தெளிந்து "பில்லைக் கட்டிட்டியா?" என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. முதல் மூன்று பாட்டு எங்களுக்கு இல்லை. "சும்மா இருடா" என்று சொன்னது இன்னும் உறுத்துகிறது.

சரி, பயமுறுத்தியது போதும். அதற்கப்புறம் நான் இதில் நிபுணனே ஆகிவிட்டேன், வீட்டில் என்னைச் சோத்து மந்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நீங்கள் செய்யப் போகும் முதல் தப்பு எனக்கு இப்போதே தெரியும்: அரங்கத்தின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஹோட்டல் என்று தேடுவாய். வேண்டாம். வாசலுக்கு எதிரே இருப்பவன் திரும்பி வரும் வாடிக்கையாளரை நம்பிப் பிழைப்பவன் இல்லை, இன்று வந்தவன் நாளை வரமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். அதிலும் ரயில் நிலையத்துக்கும் அரங்கத்துக்கும் நடுவில் இருக்கும் தெரு இருக்கிறதே, கூட்டம் மொத்தமும் அதில்தான் வடியும். ரயிலில் போகிறீர்கள் என்றால் இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறுங்கள். ஜனங்கள் குடியிருக்கிற பகுதியாகப் பார், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிற கடையில்தான் குழந்தைக்கு உயரமான நாற்காலியும், பாதித் தட்டு கொடுக்கிற மனசும் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரி பக்கமும் தேடு, சிரிக்காதே, நோயாளியோடு வந்தவர்களுக்காக வேளை கெட்ட வேளையிலும் மலிவாக ஏதாவது கிடைக்கும். ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவே இருப்பதை மட்டும் நம்பாதே. மத்தியானத்தில் மலிவாகப் போடுகிறவர்கள் சனி ஞாயிறில் ஷட்டரை இறக்கியிருப்பார்கள், அதிலும் அடி வாங்கியாயிற்று.

மேப்பில் எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று கோடு கோடாகக் காட்டுமே, அதைப் பார்த்து நீ மயங்குவாய். அது வழக்கமான வாரத்தின் கணக்கு. அன்றைக்குக் கச்சேரி இருப்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. அதைவிட ஃபோன் போட்டுக் கேள்: அன்றைக்கு வழக்கமான மெனுதானா, சேவைக் கட்டணம் தனியா, மேசையை இத்தனை மணிக்குள் காலி செய்யச் சொல்வீர்களா, அம்மா ஏறப் படி இருக்கிறதா? பதில் சொல்ல அலுத்துக்கொள்கிறவன் சாப்பாடு போடவும் அலுத்துக்கொள்வான்.

நேரம்தான் முக்கியம், விலைகூட அப்புறம்தான். ஏழரை மணி நிகழ்ச்சி என்றால் நான்கரை மணிக்குத் தட்டு முன்னால் இருக்க வேண்டும். பசிக்கவில்லை என்று பெரியவள் முறைப்பாள், முறைக்கட்டும். உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே, உள்ளே ஒரு பாட்டில் தண்ணீர் விலையைப் பார்த்தால் உனக்குத்தான் மயக்கம் வரும். பல அரங்குகளில் வெளித் தின்பண்டத்தை வாசலிலேயே வாங்கிப் போட்டுவிடுவார்கள். அம்மாவுக்கான மருந்து, குளுக்கோஸ், சின்னவனின் பால் இதற்கெல்லாம் பெரும்பாலும் விடுவார்கள், ஆனாலும் அரங்கத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிலை ஃபோனில் வைத்துக்கொள், வாசலில் நிற்பவரிடம் வாதாட உனக்கு வராது.

முடிந்து வெளியே வரும்போது பத்தரை, பதினொன்று ஆகும். பாதி அடுப்புகள் அணைந்திருக்கும், பிள்ளைகள் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் ஏதாவது செய்து வைத்துவிட்டுக் கிளம்பச் சொல்லியிருக்கிறேன் என்று தங்கச்சியிடம் சொல். அவளே ஏன் செய்ய வேண்டும், நீ செய். உன்னுடைய அந்த வெந்நீர் சமையல் மட்டும் வேண்டாம்.

அம்மாவிடம் நானே பேசுகிறேன். தட்டு மேசைக்கு வந்து, கை வைக்கிற நேரத்தில்தான் மாத்திரை எடுக்கலாமா என்று அவருடைய டாக்டரிடம் இந்த வாரமே கேட்டு வைக்கச் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பார்கள் என்று எழுது. எந்த அரங்கம், எந்தத் தேதி என்பதையும் அனுப்பு, இரண்டு ஸ்டேஷன் முன்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்த்து வைக்கிறேன்.

என் குடை இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

உன்,
சோத்து மந்திரி