ஆஷுக்கு வயது ஏறாததா குறை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் போக்கிமான் என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஓடிய தொடரில் நாயகன் ஆஷ் கடைசிவரைக்கும் பத்து வயதுப் பையனாகவே இருக்கிறான், ஆகவே அதில் பாத்திர வளர்ச்சி என்று பேச ஒன்றும் கிடையாது, பொம்மை விற்பதற்காக எடுத்த கார்ட்டூன் அது என்று இரண்டே பத்தியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். சின்ன வயதில் அந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்து, இன்று என் மகளோடு உட்கார்ந்து பார்க்கிறவன் நான். அப்படியே விட மனம் வரவில்லை.

வயது ஏறாததை நான் குறையாகவே நினைக்கவில்லை. சித்திரக்கதை உலகத்தில் காலம் நின்றுபோவது பழைய வழக்கம், பார்க்கிற குழந்தை அதை முதல் நாளே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நேற்று அவனுக்குக் கிடைத்த பாடம் இன்றும் அவனிடம் இருக்கிறதா? இருந்தால் அவன் வளர்கிறான், வயது பத்தோ இருபதோ. இல்லாவிட்டால்தான் கோளாறு. போக்கிமானில் அந்தக் கோளாறு நடந்திருக்கிறது, ஒரு கட்டத்தில் ரொம்ப மோசமாகவே நடந்தது, அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் கட்டுரையாளர் அந்த இடத்துக்கு வரவே இல்லை.

இந்தத் தொடரில் போக்கிமான் என்பவை சக்தியுள்ள விசித்திர விலங்குகள், அவற்றைப் பிடித்துப் பழக்கி மோதவிடுகிறவர் டிரெய்னர், ஆஷும் ஒரு டிரெய்னர். வளர வளரப் பல போக்கிமான்களுக்கு உருவமும் பெயரும் மாறும். ஆஷின் சாரிசார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது சார்மாண்டராக இருந்தபோது, அதன் பழைய டிரெய்னர் ஒரு பாறைமேல் உட்காரவைத்து, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். கொட்டுகிற மழையில், வால் நுனியில் இருக்கிற நெருப்பு அணைந்தால் உயிரே போய்விடும் என்கிற நிலையிலும் அது அங்கேயே காத்துக்கிடக்கிறது. ஆஷ் காப்பாற்றுகிறான், அது அவனோடு வந்துவிடுகிறது. வேறு தொடராக இருந்தால் அந்த நன்றியிலேயே அதன் கதை முடிந்திருக்கும். இங்கே அது சார்மீலியனாக மாறியதுமே அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது, சாரிசார்ட் ஆன பிறகு சொல்லவே வேண்டாம். தன் பலத்துக்கு ஈடு கொடுக்கிற அளவுக்கு இந்தப் பையன் இன்னும் வரவில்லை என்று அது நினைக்கிறது, அந்த நேரத்தில் அது நினைத்ததில் தப்பும் இல்லை. டிரெய்னர்கள் மோதுகிற இன்டிகோ லீக் போட்டியில் ரிச்சி என்பவனோடு மோதும்போது, ஆஷுக்கு அது தேவைப்படுகிற நேரமாகப் பார்த்து அரங்கத்தின் நடுவிலேயே படுத்துவிடுகிறது. முதல் 16 பேரோடு ஆஷின் கதை முடிகிறது. நாயகன் தன் முதல் பெரிய போட்டியில் தன்னுடைய குறையாலேயே தோற்கிற கதையைக் குழந்தைகளுக்கு எழுதியிருக்கிறார்கள், அதற்கே ஒரு தைரியம் வேண்டும்.

அப்புறம் ஆரஞ்சுத் தீவுகளில் ஒரு இரவு. பாலிராத் என்ற எதிரிப் போக்கிமான் சாரிசார்டை உறையவைத்துவிடுகிறது. ஆஷ் நெருப்பு மூட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அதன் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டே இருக்கிறான். கை புண்ணாகியும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகுதான் சாரிசார்ட் அவன் சொல்வதைக் கேட்க ஆரம்பிக்கிறது. பயிற்சி கொடுத்து அடக்கினான், பதக்கம் வாங்கினான், அதனால் அது பணிந்தது என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. பிற்பாடு ஜோட்டோ என்ற பிராந்தியத்தில், தன்னைவிடப் பலமான சாரிசார்டுகள் இருக்கிற பள்ளத்தாக்கில் அது இன்னும் தேறட்டும் என்று ஆஷே அதை விட்டுவிட்டு வருகிறான். ஜோட்டோ லீக்கில் பழைய போட்டியாளன் கேரியோடு ஆடும்போது அது திரும்பி வந்து கேரியின் பிளாஸ்டாய்ஸை ஜெயிக்கிறது. அந்த ஆட்டத்தில் ஆஷ் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது நகர்கிறது. ரிச்சியோடு நடந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சிம்சார் என்ற இன்னொரு போக்கிமானின் கதை இதைவிட நீளம், என் கணக்கில் இதைவிடவும் நல்ல கதை. சின்னோ பிராந்தியத்தில் பால் என்று ஒரு போட்டியாளன் வருகிறான். பலவீனமான போக்கிமானை வைத்துக்கொள்ள மாட்டான், அன்பு பாசம் என்றெல்லாம் பேச மாட்டான். ஆபத்தில் சிக்கிய சிம்சார் ஒரு ஜாங்கூஸ் கூட்டத்தையே எரித்து விரட்டியதைப் பார்த்துத்தான் அதைப் பிடிக்கிறான். அந்த வேகத்தை மறுபடி வரவழைக்க வேண்டும் என்று வதைக்கிறான். வரவில்லை என்றதும் ஒரு போட்டியின் நடுவில் கைகழுவிவிடுகிறான். ஆஷ் அதை அழைத்துக்கொள்கிறான். அது மாங்ஃபெர்னோ ஆகி, இன்ஃபெர்னேப் ஆகி, கடைசியில் சின்னோ லீக்கில் பாலின் எலெக்டிவயர் முன்னால் வந்து நிற்கிறது. அந்த எலெக்டிவயரும் சிம்சாரும் ஒரு காலத்தில் பாலிடம் ஒன்றாக இருந்தவை. அடி வாங்கி விழுந்து, எழுந்து, அந்தப் பழைய நெருப்பு அதன் உடம்பில் பொங்குகிறது. முன்பெல்லாம் அது வந்தால் இன்ஃபெர்னேப்புக்குத் தன் நினைவே இருக்காது, ஆஷ்தான் அதை அமைதிப்படுத்த வேண்டியிருக்கும். இந்த முறை நெருப்பு அதன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஜெயிக்கிறது. பாலும் அந்தத் தோல்வியை மதிப்போடு ஏற்றுக்கொள்கிறான்.

இதற்காக எழுத்தாளர்கள் சுமார் மூன்று வருடம் காத்திருந்தார்கள். நடுவில் ஆறுக்கு ஆறு ஆட்டத்தில் ஆஷ் பாலிடம் படுமோசமாகத் தோற்றிருக்கிறான், அந்தத் தோல்வியையும் அவன் மறக்கவில்லை, அதை யோசித்துத்தான் லீக் ஆட்டத்தை ஆடுகிறான். இதைவிட வளர்ச்சி என்று எதைச் சொல்வது?

சரி, இப்போது கோளாறுக்கு வருகிறேன். 2010 செப்டம்பரில் சின்னோ முடிந்து யுனோவா பிராந்தியத்தின் கதை ஆரம்பித்தது. வந்த வேகத்தில், அன்றைக்குத்தான் பயணம் தொடங்குகிற டிரிப் என்ற பையனின் ஸ்னைவியிடம் ஆஷின் முதல் போக்கிமானான பிக்காச்சு தோற்கிறது. செக்ராம் என்ற போக்கிமானின் மின்னல் பாய்ந்ததால் பிக்காச்சுவின் மின்சக்தி போய்விட்டது என்று காரணம் சொன்னார்கள். பிக்காச்சுவுக்குச் சரி. ஆஷின் அறிவுக்கு என்ன ஆனது? அத்தனை ஜிம் மோதல், அத்தனை லீக், பாலோடு மோதிய அந்த ஆட்டம் எல்லாம் பார்த்தவன், நேற்றுத்தான் வீட்டைவிட்டு வந்தவன்போல முழிக்கிறான். கண்ணைப் பெரிதாக வரைந்து, துள்ளலைக் கூட்டி, ஆளையே சின்னதாக்கிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளையை மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்ததுபோல இருந்தது. கடைசியில் லீக்கில், ஆறு போக்கிமான் வேண்டிய ஆட்டத்துக்கு ஐந்தோடு வந்து நிற்கிற கேமரனிடம் தோற்கிறான். ஆஷ் தோற்கலாம், நிறைய முறை தோற்றிருக்கிறான். ரிச்சியிடம் தோற்றதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்திலிருந்து ஒரு கதை பிறந்தது. கேமரனிடம் தோற்றதிலிருந்து என்ன பிறந்தது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது புரியாமல் இல்லை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை புது வீடியோ கேம் வருகிறது, புது நிலம், புது போக்கிமான்கள், அப்போதுதான் பார்க்கத் தொடங்குகிற புதுக் குழந்தைகள். அதற்காகத்தான் 2002-இல் ஹோயன் பிராந்தியத்துக்குப் போகும்போது பிக்காச்சுவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆஷ் விட்டுவிட்டுப் போனான். எனக்கு அது பிடிக்காவிட்டாலும் நியாயம் இருக்கிறது. கூட வருகிறவர்களை மாற்றலாம், சட்டையை மாற்றலாம், முகத்தைக்கூட மாற்றி வரையலாம். அவன் கற்றுக்கொண்டதைப் பிடுங்க மட்டும் வியாபாரத்துக்கும் தேவை இல்லை.

முகம் மாறினால் ஆள் மாறிவிடுகிறான் என்பதும் இல்லை. 2016-இல் அலோலா பிராந்தியத்தின் கதை வந்தபோது அந்த வரைகலையைப் பார்த்துவிட்டுத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் அந்த வேடிக்கையான முகத்தோடுதான் லிட்டன் என்ற போக்கிமானின் கதை வந்தது. லிட்டன் அண்டியிருந்த கிழட்டுப் போக்கிமான் ஸ்டவுட்லேண்ட் செத்துப்போகிறது, லிட்டன் யாரையும் கிட்டே சேர்க்காமல் சுருண்டு கிடக்கிறது, ஆஷ் அதை அவசரப்படுத்தாமல் கூடவே இருக்கிறான். சாரிசார்டுக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த அதே பையன் என்று பார்த்ததும் தெரிந்தது. சாவு என்றால் என்ன என்று என் மகள் என்னிடம் முதலில் கேட்டது அந்த எபிசோடைப் பார்த்துத்தான். அந்த ஆஷ்தான் 2019 செப்டம்பரில் கிளாடியன் என்ற போட்டியாளனை வென்று முதல்முறையாக ஒரு பிராந்திய லீக்கை ஜெயித்தான். காலோஸில் இறுதி ஆட்டம்வரை வந்து அலைனிடம் தோற்றபோது நொந்துபோன ரசிகர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போக்கிமான் திருடுகிற டீம் ராக்கெட் கும்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெஸ்ஸி, ஜேம்ஸ், மியாவ்த் மூன்று பேரும் ஒவ்வொரு எபிசோடிலும் வானத்தில் பறந்து போகிறார்கள், அதுவே அவர்களின் நிலைத்தன்மை என்று நினைத்துவிடக் கூடாது. ஹோயனில் ஒரு வேட்டைக்காரனிடமிருந்து ஏகான்ஸ், காஃபிங் கூட்டத்தைக் காப்பாற்றுவதற்காகத் தங்களுடைய ஆர்பாக்கையும் வீசிங்கையும் விட்டுக்கொடுத்துவிட்டு அழுதபடி ஓடுகிறவர்கள் அவர்கள். திருடர்கள்தான், ஆனால் தங்களிடம் இருக்கிற போக்கிமான்களுக்குத் துரோகம் செய்யாதவர்கள். அந்தக் குணம் எல்லாப் பிராந்தியத்திலும் அவர்களோடு வந்தது. யுனோவாவில் அவர்களுக்குக் கறுப்புச் சீருடை மாட்டி, சிரிப்பே இல்லாத ஏஜென்டுகளாக ஆக்கிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை, பிறகு அவர்களே பழைய பாணிக்குத் திருப்பிவிட்டார்கள். ஆஷுக்கு நடந்த அநியாயம் அதே சீசனில் இவர்களுக்கும் நடந்திருக்கிறது.

2022 நவம்பர் 11 அன்று வந்த ஆட்டத்தைக் கட்டுரையாளர் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். உலகின் முதல் எட்டு டிரெய்னர்களுக்கான போட்டி. சாம்பியன்களான ஸ்டீவனையும் சிந்தியாவையும் தாண்டி, தோற்றதே இல்லாத லியோனிடம் வந்து நிற்கிறான் ஆஷ். இந்தப் போட்டிக்கு முன்னால் அவனோடு மோதிப் பார்த்துத் தயார்படுத்த வருகிறவன் யார் தெரியுமா, பால்! கடைசியில் லியோனின் சாரிசார்டுக்கு எதிராக பிக்காச்சு மட்டும் மிச்சம். அது விழப்போகிற கணத்தில், இத்தனை வருடத்தில் ஆஷோடு இருந்த போக்கிமான்கள் எல்லாம் அதன் மனக்கண்ணில் வந்து எழுந்திரு என்று கூப்பிடுகின்றன. பாறைமேல் மழையில் நனைந்தது இருக்கிறது, பால் கைவிட்டது இருக்கிறது, பயணத்தின் ஆரம்பத்திலேயே பிரிந்துபோன பட்டர்ஃப்ரீகூட இருக்கிறது. ஒன்றையும் மறக்காதவர்கள் எழுதிய காட்சி அது. 1999-இல், திரும்பி வருவேன் என்று சொல்லிக் காட்டில் விட்டுவந்த பிஜியாட்டிடம் 2023-இல் ஆஷ் வந்து சேர்ந்ததும் அதே கைகளின் வேலைதான். நடுவில் எத்தனையோ ரசிகர்கள் அந்த வாக்கை ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆஷின் கதை 2023 மார்ச் 24 அன்று முடிந்தது. அடுத்த மாதமே லிகோ, ராய் என்ற இரண்டு பேரை வைத்துப் புதுத் தொடர் ஆரம்பித்தது. வாய் திறந்து நாலு வார்த்தை பேசவே தயங்குகிற பெண்ணாகத்தான் லிகோ அறிமுகமாகிறாள், எபிசோடுக்கு எபிசோட் அந்தத் தயக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. 2025-இல் கதைக்குள் ஒரு வருடத்தைத் தாண்டவிட்டு, அவர்களைக் கண்ணுக்குத் தெரியும்படியே வளர்த்தும் காட்டிவிட்டார்கள். ஆக, வயது ஏறுகிற போக்கிமானும் இப்போது இருக்கிறது. அது ஆஷின் கதையைவிட ஒரு படி மேலா என்று எனக்கும் என் மகளுக்கும் வீட்டில் தினமும் வாக்குவாதம். அவள் லிகோ பக்கம். உங்கள் இணைப்பில் அதைப் பற்றிக் கட்டுரை வருமானால், தயவுசெய்து தொடரை முழுதாகப் பார்த்த ஒருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
மதுரை