கோழியும் தயிரும் வேணாம்டி, கொஞ்சம் நில்லு

வசந்தி,

உன் வாய்ஸ் மெசேஜ் மூணையும் ரெண்டு தடவ கேட்டேன். பவித்ராவுக்கு தஞ்சாவூர்ல சீட் கெடச்சதுல ரொம்ப சந்தோஷம்டி, ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்து நீ அழுததா சொன்ன, நம்மள மதுரையில விட்டுட்டு நம்ம அம்மாங்க பஸ் ஏறினது ஞாபகம் வந்துடுச்சு. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், எனக்கு முட்டி வலி பரவால்ல, ஆபீஸ் இப்ப வாரத்துக்கு மூணு நாள்தான். அப்பா என்கூடதான் இருக்கார், பெங்களூர்ல அதே அல்சூர் வீட்லயே.

போன்ல பேசாம எழுதறதுக்குக் காரணம் உன் நாய் ப்ரூனோவ பத்தி நீ சொன்ன மூணாவது மெசேஜ். ப்ரூனோ கால நக்கி நக்கி புண்ணாக்கிக்கறான், காத ஆட்டிட்டே இருக்கான், ஊசி போட்டா ரெண்டு வாரம் நல்லாருக்கு அப்புறம் திரும்பவும் அதேதான், அதனால பாக்கெட் சாப்பாட்ட நிறுத்திட்டு வீட்லயே கோழியும் சோறும் வேகவெச்சு குளிர்ச்சிக்கு தயிர் ஊத்தி குடுக்கப்போறேன்னு சொன்ன பாரு, அத கேட்டதும் எனக்கு பதறிடுச்சு. வீட்டு சாப்பாடு நல்லதுதான், நானும் அததான் குடுக்கறேன். ஆனா நீ சொன்ன அதே மூணு சாமானத்ததான் நாங்களும் ஒன்றரை வருஷம் குடுத்தோம், எங்க நாய் முத்து அந்த ஒன்றரை வருஷமும் சொறிஞ்சிட்டே இருந்தான்.

முத்துவ நீ பாத்திருக்க, அம்மா காரியத்துக்கு வந்தப்போ வாசல்ல படுத்திருந்தானே, செவலை, தெருவுலேர்ந்து எடுத்த குட்டி. அம்மா போனதுக்கப்புறம் அப்பாவுக்கு அவன்தான் எல்லாம். ராத்திரி எட்டு மணிக்கு அப்பா தயிர்சோறு பிசைவார், ஒரு வாய் அவருக்கு ஒரு வாய் அவனுக்கு, கையிலயே ஊட்டுவார். அரிப்பு ஆரம்பிச்சதும் வீட்ல பக்கத்துல எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை, சூடு. உடம்பு சூடுடி, தயிர் குடு, மோர் குடு, எளநீ குடு. அரிப்பு ஜாஸ்தியாக ஜாஸ்தியாக நாங்க தயிர ஜாஸ்தியாக்கினோம். இத எழுதும்போதே எனக்கு வயித்த பெசையுது.

ராத்திரி ரெண்டு மணிக்கு தரையில தப் தப் தப்னு சத்தம் கேக்கும், பின்னங்கால் அடிக்கற சத்தம், எந்திரிச்சு போய் கால புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். விரல் இடுக்குல முடி துரு புடிச்ச மாதிரி செவந்துடுச்சு, அது ரத்தம்னு நெனச்சேன், இல்லயாம், எச்சில் பட்டு பட்டு வர்ற நிறம். காதுகிட்ட மூக்க கொண்டுபோனா நாலு நாள் புளிச்ச தோசமாவு வாசன. ப்ரூனோ காதையும் மோந்து பாரு.

முதல்ல பாத்த எடத்துல ஊசி மட்டும்தான் போட்டாங்க, உனக்கு நடக்கறதேதான், அது ஸ்டீராய்டு, தண்ணியா குடிப்பான், வீடு பூரா உச்சா போவான், ரெண்டு வாரம் கழிச்சு பழைய குருடி கதவ திறடி. அப்புறம் ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொல்லி வேற டாக்டர பாத்தோம். அவங்க சாப்பாட்ட பத்தியே முதல்ல பேசல. சீப்பு போட்டு உண்ணி, தெள்ளுப்பூச்சி இருக்கான்னு பாத்தாங்க, தோல லேசா சுரண்டி சொறிப்பூச்சி இருக்கான்னு மைக்ரோஸ்கோப்ல பாத்தாங்க, காதுலயும் காலிலயும் டேப் ஒட்டி எடுத்து பாத்தாங்க, அதுலதான் ஈஸ்ட்ங்கற பூஞ்சை நெறையா இருந்தது. அந்த தோசமாவு வாசன அதுதான். அதுக்கு மருந்து ஷாம்பு குடுத்து, போட்டுட்டு பத்து நிமிஷம் ஊறவிட்டு கழுவச் சொன்னாங்க. நம்ம ஷாம்பு, பேபி ஷாம்பு எதுவும் நாய்க்கு ஆகாது, அதுங்க தோல் வேற. தேங்காண்ணெ தடவாத, அதையும் சேத்து நக்கும்.

பூச்சி இல்ல, இன்ஃபெக்‌ஷன் அடங்கிடுச்சு, ஆனாலும் வருஷம் பூரா சீசனே இல்லாம அரிக்குதுன்னா அப்பதான் சாப்பாட்டு மேல சந்தேகப்படணுமாம். அதுவும் சந்தேகம்தான். அரிக்கற நாய்ங்கள்ல நெறையவுக்கு அலர்ஜி தூசியிலயும் மகரந்தத்துலயும்தான், சாப்பாடு காரணமா இருக்கறது கொஞ்சம் பேருக்குதான். ப்ரூனோவுக்கு சாப்பாடே காரணமா இல்லாமலும் போகலாம்டி, இத முன்னாடியே மனசுல வெச்சுக்கோ. ரத்தத்துல, எச்சில்ல, முடியில டெஸ்ட் எடுத்து எந்த சாப்பாடு ஆகலன்னு சொல்றேன்னு ஆன்லைன்ல விக்கறாங்க, காச போடாத, சாப்பாட்டு அலர்ஜிக்கு அதையெல்லாம் நம்பவே முடியாது. ஒரே ஒரு வழிதான், எட்டு வாரம் இதுவரைக்கும் தின்னாத ஒரு கறி, ஒரு கிழங்கு, வேற ஒரு துணுக்கு கூட வாயில போகக் கூடாது. அப்புறம் பழைய சாமான ஒண்ணொண்ணா திரும்பக் குடுத்து பாக்கறது.

நாய்ங்களுக்கு அதிகமா ஒத்துக்காததுன்னு தெரிஞ்சது மாட்டுக்கறி, பால், கோழி, கோதுமை. ஏதோ விஷம் மாதிரி சாமான்தான் அலர்ஜி பண்ணும்னு நாம நெனைக்கறோம், அப்படி இல்ல, தினம் தின்னு தின்னு பழகினதுமேலதான் உடம்பு திரும்பும். தயிர் புளிச்சதுதானே, பால் மாதிரி இல்லயேன்னு அப்பா கேட்டார். புளிச்சா கொறையறது பால்ல இருக்கற சர்க்கரைதான், புரதம் அப்படியேதான் இருக்கு, அலர்ஜி புரதத்துமேல.

முத்து பொறந்ததுலேர்ந்து என்னெல்லாம் தின்னான்னு டாக்டர் லிஸ்ட் கேட்டாங்க. கோழி, முட்ட, சோறு, தயிர், பால், சப்பாத்தி, இட்லி, பிஸ்கட், ஞாயித்துக்கெழமன்னா ஆட்டெலும்பு. அப்பா யோசிச்சு யோசிச்சு சொல்லிட்டே இருக்கார், ஒரு பக்கம் ரொம்பிடுச்சு. எங்க வீட்ல நுழையாத ஒரே கறி பன்னிக்கறி. அப்பா முகம் மாறிடுச்சு, அம்மா இருந்தா விட்டிருப்பாளான்னார். நான் ஒண்ணும் சொல்லல. ஆபீஸ்ல கூர்க் பொண்ணு ஒருத்தி நல்ல கடை காட்டினா, பால்கனியில ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, தனி குக்கர், தனி கத்தி வாங்கி வெச்சேன். முதல் வாரம் அப்பா அந்தப் பக்கமே வரல. ரெண்டாவது வாரம் நான் ஆபீஸ்லேர்ந்து வர லேட்டாச்சு, வந்து பாத்தா மூக்குல துண்ட கட்டிக்கிட்டு கொழுப்ப தனியா அரிஞ்சு எடுத்துட்டிருக்கார், கொழுப்பு நெறைய உள்ள போனா கணையம் கெட்டுடும்னு டாக்டர் சொன்னாங்கல்லன்னார். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

அளவு கேப்ப, அதனால சொல்றேன், ஆனா இத ப்ரூனோவுக்கு அப்படியே போடாத, முத்து 18 கிலோ, அவன் 31. ஒரு நாளைக்கு எலும்பில்லாத மெலிஞ்ச கறி 300 கிராம், சக்கரவள்ளிக்கிழங்கு 450 கிராம், மஞ்சப்பூசணி 100 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ரெண்டு டீஸ்பூன், தோராயமா 900 கலோரி வருது. எல்லாம் நல்லா வேகவெச்சு மசிச்சு ரெண்டு வேளையா குடுப்போம். உப்பு இல்ல, மசாலா இல்ல, வெங்காயம் பூண்டு கண்ணுலயே காட்டக் கூடாது, அது நாய் ரத்தத்துல செவப்பணுவ ஒடைக்கும். பழைய சாப்பாட்டுலேர்ந்து ஒரே நாள்ல மாத்தாம ஒரு வாரமா கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்தினோம்.

இதுல கால்சியம் ஒண்ணு இருக்குடி, நான் முதல்ல வெறும் கறியும் கிழங்கும் போதும்னு நெனச்சேன். கறியில பாஸ்பரஸ் நெறைய, கால்சியம் ரொம்ப கம்மி, அப்படியே மாசக்கணக்கா குடுத்தா உடம்பு எலும்புலேர்ந்து கால்சியத்த எடுத்துக்கும். அமெரிக்காவுல டேவிஸ் யுனிவர்சிட்டிகாரங்க 2013ல புத்தகத்துலயும் இணையத்துலயும் இருக்கற 200 நாய் சாப்பாட்டு ரெசிபிய எடுத்து கணக்கு போட்டாங்க, 95 சதவீதத்துல ஒரு சத்தாவது கொறையா இருந்தது, அந்த 200ல பாதிக்கு மேல கால்நடை டாக்டருங்களே எழுதினது. அதனால யூடியூப் பாத்து செய்யாத. எங்க டாக்டர் கால்சியம் கார்பனேட் பவுடர கிராம் கணக்குல எழுதிக் குடுத்தாங்க, சிங்க், காப்பர், அயோடின், விட்டமின் டி, ஈ எல்லாம் சேர்ந்த ஒரு பவுடரும் தனியா. சிங்க் கொறைஞ்சாலே தோல் கெடும், அரிப்புக்குன்னு செய்யற சாப்பாட்டுல அதுவே கொறஞ்சா என்ன பிரயோஜனம் சொல்லு. முட்டை ஓட்டு பவுடர் நல்ல கால்சியம்தான், ஆனா முட்டைமேல சந்தேகம் இருக்கறப்போ அந்த எட்டு வாரம் வேணாம்னாங்க. மீன் எண்ணெய பின்னாடி சேத்தோம், மீன் எண்ணெய்னு கேட்டு வாங்கு, காட் லிவர் ஆயில வாங்கிடாத, அதுல விட்டமின் ஏ, டி ரொம்ப ஜாஸ்தி.

சமையல் கஷ்டமே இல்ல, காவல் காக்கறதுதான் கஷ்டம். மூணாவது வாரம் கீழ் வீட்டு பொடியன் பாசமா ஒரு பிஸ்கட் குடுத்துட்டான், பாவம் அவனுக்கென்ன தெரியும், ரெண்டு நாள்ல காது செவந்தது, ஷாம்பு, மருந்து, திரும்ப அடங்க பத்து நாள். குடல்புழு மாத்திரை கறி ஃப்ளேவர்ல வருது, அதையும் நிறுத்தி ஃப்ளேவர் இல்லாததா மாத்தினோம். நாய் டூத்பேஸ்ட்ல கோழி ஃப்ளேவர். தெருமுனை பிரியாணி கடை வாசல்ல எலும்பு, அதுக்காக வாக்கிங் போறப்போ கூடை மாதிரி வாய்மூடி போட்டோம், மூச்சு விடலாம் தண்ணி குடிக்கலாம், எதையும் கவ்வ முடியாது. முன்னாடி நான் ஆட்டுக்கறின்னு எழுதியிருந்த பாக்கெட் வாங்கி பாத்தேன், பின்பக்கம் பொடி எழுத்த படிச்சா கோழிக் கொழுப்பு, கோழி மாவு. உன் அலமாரியில இருக்கற பாக்கெட்டயும் திருப்பி படி.

அப்பா எச்ஏஎல் விமான ஃபேக்டரியில இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவர்ல, ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி கட்டம் போட்டுட்டார். தேதி, தின்னது, கக்கா எப்படி, காது, காலு, அரிப்புக்கு பத்துக்கு எத்தன மார்க். முதல் பக்கத்துல 8, 8, 9, 8ன்னு இருக்கும். நாலாவது வாரம் 5. ஆறாவது வாரம் ஒரு நாள் 2. அன்னிக்கு ராத்திரி நான் தூங்காம தப் தப் சத்தத்துக்கு காத்திருந்தேன், வரவே இல்ல, எந்திரிச்சு போய் பாத்தா மல்லாந்து படுத்து தூங்கறான்.

எட்டு வாரம் முடிஞ்சதும் திரும்பக் குடுத்து பாக்கணும், நெறைய பேர் நல்லாதானே இருக்குன்னு இத செய்யறதில்ல, செய்யலன்னா சாப்பாடுதான் காரணமான்னு தெரியாமலே போயிடும். ஒவ்வொண்ணையும் ரெண்டு வாரம் வரைக்கும் குடுத்து பாக்கலாம். கோழி குடுத்தோம், மூணாவது நாள் கால நக்க ஆரம்பிச்சான், நிறுத்தி ஆற விட்டோம். சோறு ஒண்ணும் பண்ணல. முட்ட ஒண்ணும் பண்ணல. சப்பாத்தியும் சரி. கடைசியா தயிர வெச்சோம், அப்பா ஆசைப்பட்டார்னு.

அப்பா பழைய தட்ட எடுத்து அம்மா மாதிரியே நல்லா குழைய பிசைஞ்சு ஊட்டினார். வாலு நிக்கல அவனுக்கு. ஒரு நாள், ரெண்டு நாள், நாலு நாள், நோட்டுல 2, 2, 2. நானும் சந்தோஷப்பட்டேன். அஞ்சாம் நாள் சாயந்திரம் அப்பா அவன் காத மடிச்சு பாத்தார், உள்ள ரோஸ் கலர்ல இருந்தது, வெரலால தொட்டு பாத்துட்டு சூடா இருக்கும்மான்னார். கண்ணாடிய போட்டுக்கிட்டு நோட்டுல 5ன்னு எழுதினார். பிசைஞ்சு வெச்ச தட்டு மேஜைமேல அப்படியே இருந்தது, அவன் கீழ உக்காந்து பாத்துட்டே இருக்கான், அப்பா தட்ட எடுத்துட்டு போய் சிங்க்ல கழுவிட்டு வந்துட்டார். அன்னிக்கு அவரும் சாப்பிடல. மறுநாளேர்ந்து அதே எட்டு மணிக்கு வெறும் சோறும் பூசணியும் கறியும் உருண்டை புடிச்சு கையிலயே ஊட்டறார், அவனுக்கு அந்த கைதான் வேணும் போல, வாலு அதே ஆட்டம்தான்.

முழுசா சரியாயிடுச்சான்னா இல்லடி. மழை விட்டதும் எங்க பக்கத்து காலி சைட்டுல காங்கிரஸ் செடி, அதான் பார்த்தீனியம், இடுப்பளவு பூத்து நிக்கும், பெங்களூர்ல மனுஷங்களுக்கே அது ஆகாது, அப்போ வயித்துல லேசா தடிப்பு வருது, டாக்டருக்கும் அந்த செடிமேலதான் சந்தேகம். அந்தப் பக்கம் கூட்டிட்டு போறதில்ல, வாக்கிங் முடிஞ்சதும் காலையும் வயித்தையும் ஈரத்துணியால தொடைச்சு விடறோம், ரொம்ப போனா கொஞ்ச நாளைக்கு அரிப்பு மாத்திரை. ஆனா ஊசி போட்டு ஒரு வருஷமாச்சு.

ஆகையால நீ இப்ப கோழி வாங்காத. முதல்ல காதையும் தோலையும் டெஸ்ட் எடுத்து பாக்கற டாக்டர்கிட்ட கூட்டிட்டு போ, உள்ளூர்ல இல்லன்னா நாமக்கல் வெட்னரி காலேஜ் உனக்கு ரெண்டு மணி நேரம்தானே. ஊசி போட்டு எத்தன நாளாச்சுன்னு மறக்காம சொல்லு. லாப்ரடார், 31 கிலோன்னா எடையும் பாக்கணும், கறி கிழங்கு அளவ அவங்களே எழுதித் தரட்டும்.

அதுக்கு முன்னாடி ப்ரூனோ குட்டியிலேர்ந்து தின்ன எல்லாத்தையும் எழுதி எனக்கு அனுப்பு, உனக்குத் தெரியாம மாமியார் குடுக்கறதையும் கோவிச்சுக்காம கேட்டு எழுது. அப்பா நோட்டுல புதுசா ஒரு பக்கம் திருப்பி ப்ரூனோ, திருச்சின்னு தலைப்பு எழுதி கட்டம் போட்டு வெச்சுட்டார், இன்னிக்கு அவனுக்கு பத்துக்கு எத்தன மார்க்குன்னு ராத்திரிக்குள்ள சொல்லணுமாம்.

உன்,
சித்ரா