கயலுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிட்டாய். மாண்ட்ரியலில் அப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

உன் தம்பி அவன் பையனுக்கு பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற அந்தப் பழைய கேமைப் போட்டுக் கொடுக்கச் சொன்னான். அவனுக்கு எழுதி வைத்ததை உனக்கும் அனுப்பலாம் என்று தோன்றியது. இப்போது பழைய டாஸ் கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் எல்லாம் தேவையில்லை அம்மாடி. எஸ்டிஎல்பாப் என்று ஒன்று இருக்கிறது. பழைய டாஸ் பதிப்பைப் பிரித்துப் பார்த்து அப்படியே திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஜிப்பைப் பிரித்து பிரின்ஸ் என்ற கோப்பைச் சொடுக்கினால் போதும். எஃப்6 அழுத்தினால் அந்த இடத்திலேயே சேமிக்கும், எஃப்9 திரும்பக் கொண்டுவரும். பையனுக்கு எஃப்6 இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். சேமித்துச் சேமித்து ஆடினால் அந்த அறுபது நிமிடக் கடிகாரத்துக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

அந்தக் கடிகாரத்தை இப்போது பார்த்தாலும் மலைப்பாக இருக்கிறது. செத்தால் லெவலின் தொடக்கத்துக்குப் போவாய், ஆனால் போன நேரம் திரும்பி வராது. தண்டனை அவ்வளவுதான். எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகலாம், ஒவ்வொரு சாவுக்கும் ஒரு விலை உண்டு. அவசரப்பட்டால் சாவாய், நிதானமாகப் போனால் நேரம் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் 12 லெவலையும் நிறுத்தியிருக்கிறார் அந்த கேமை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர்.

புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் ஓடியே சாகிறார்கள். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்தினால் கதாநாயகன் ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பான், விளிம்பு வந்ததும் நிற்பான். முள் தரையில் அப்படி நடந்தால் ஒன்றும் ஆகாது. ஓடினாலோ மேலிருந்து விழுந்தாலோதான் குத்தும். ஒரு மாடி விழுந்தால் அடி இல்லை, இரண்டு மாடி என்றால் உயிரைக் காட்டும் முக்கோணங்களில் ஒன்று போகும், மூன்று மாடி என்றால் முடிந்தது. தரை ஓடு ஆடுமா என்று சந்தேகம் வந்தால் நின்ற இடத்திலேயே குதித்துப் பார்க்க வேண்டும், தளர்ந்த ஓடு அதிரும். மூன்றாவது லெவலின் எலும்புக்கூட்டை வாளால் கொல்ல முடியாது, பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழ வைக்க வேண்டும். பையன் இங்கே கண்டிப்பாக மாட்டுவான்.

நான் சொல்ல வந்தது நான்காவது லெவலில் வரும் நிழல் மனிதனைப் பற்றி. வெளிக்கதவைத் திறந்ததும் வழியில் ஒரு கண்ணாடி முளைக்கும். ஓடிவந்து தாவி அதற்குள் புகுந்தால், அவனுடைய நிழலே தனி ஆளாகப் பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடிவிடும். உன் உயிர் ஒற்றை முக்கோணத்துக்கு இறங்கிவிடும். அடுத்த லெவலில் நீ குடிக்கப்போகும் மருந்தை அது குடித்துவிடும். அதற்கடுத்ததில் நீ தாவும் நேரம் பார்த்துக் கதவை மூடும். 12-ஆம் லெவலில் வாளோடு எதிரே வந்து நிற்கும். அதை வெட்டினால் உனக்குத்தான் அடி விழும். கீழ் அம்புக்குறியை அழுத்தி வாளை உறையில் போட்டுவிட்டு நேராக அதை நோக்கிப் போனால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதன்பிறகு வெறும் பள்ளத்தின்மேல் ஓடினாலும் காலுக்கு அடியில் தரை வந்துகொண்டே இருக்கும்.

இத்தனையும் நினைவகம் போதாததால் வந்தது. மெக்னர் முதலில் கேமை எழுதிய ஆப்பிள் 2 கணினியில் கதாநாயகனின் அசைவுகளே இடத்தை அடைத்துவிட்டன. எதிராளிக்குப் புதிதாக ஒரு படம் வைக்க இடமில்லை. சண்டையே வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தார். ஒரே உருவத்தை ஒரு பிக்சல் தள்ளி அதன்மேலேயே எக்ஸ்ஓஆர் (இரண்டும் வேறுபடும் புள்ளிகளை மட்டும் விடும் கணக்கு) செய்தபோது மினுங்கும் ஆவி மாதிரி ஓர் ஆள் கிடைத்தான். கூடுதல் படம் ஒன்றுகூட இல்லை. நீ எழுதி வெளியிட்ட கேமில் வரும் அந்த விளக்குக்காரியும் அப்படித்தான் செய்யப்பட்டவள் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. யாரும் அதை எழுதவில்லை. நான் எழுதுகிறேன், அது நல்ல வேலை.

அசைவுகளும் அப்படித்தான். 1985-இல் மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்பு மாட்டி ஓடவும் தாவவும் விட்டு வீடியோவில் பிடித்தார். அதை டிவியில் ஓட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, திரையைச் சாதாரண ஃபிலிம் கேமராவில் படமெடுத்தார். பிரிண்ட் போட்ட படங்களில் உருவத்தை மட்டும் மார்க்கரும் ஒயிட்னரும் வைத்துப் பிரித்து, ஜெராக்ஸ் எடுத்து, பிறகுதான் கணினிக்குள் ஏற்றினார். நாலு வருஷம். நடுவில் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போகிறேன் என்று விட்டுவிட்டும் போனார். திரும்பி வந்தார்.

1989 அக்டோபரில் வெளிவந்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? அமெரிக்காவில் சரியாக விற்கவில்லை. ஆப்பிள் 2-இன் காலம் முடிந்துகொண்டிருந்தது. கேம் வந்தபோது அதை வாங்க வேண்டியவர்கள் வேறு கணினிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1990-இல் பிசி பதிப்பு வந்தும் அங்கே பெரிதாக அசையவில்லை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். 1992-இல் மேக் பதிப்பு புதிய பெட்டியில் வந்த பிறகுதான் சொந்த ஊரில் நன்றாகப் போனது. அதே வருஷம் சூப்பர் நின்டென்டோ கேம் கருவிக்கு 20 லெவலோடு, இரண்டு மணி நேரக் கடிகாரத்தோடு வந்தது. அதற்குள் நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டர் வரைக்கும் பிளாப்பியிலேயே அது போய்ச் சேர்ந்துவிட்டது, அது உனக்கே தெரியும். முதல் சில மாத விற்பனையை வைத்து முடிவு கட்டியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

ஜப்பானில் பொக்கேமானும் அப்படித்தான். 1990-இல் தொடங்கிய வேலை 1996 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அது ஓடிய கேம்பாய் என்ற கையடக்கக் கருவி பழசாகிவிட்டது என்று எல்லாரும் ஒதுக்கிய நேரம் அது.

கயலு, நீ சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரி. அது எனக்குப் பெருமைதான். ஆனால் கோபம் வந்தால் பேப்பரைக் கிழிப்பதும் உன் பழக்கம், பெரியகுளத்தில் செய்தாயே அதைப்போல. அதனால்தான் சொல்கிறேன், யாரோ ஏதோ சொன்னதால் இல்லை, தம்பி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேமைக் கடையிலிருந்து எடுப்பதும் எடுக்காததும் உன் விருப்பம். நீ எழுதிய நிரலை, சோர்ஸ் கோடை மட்டும் அழிக்காதே.

மெக்னரின் சோர்ஸ் கோடு பல வருஷம் தொலைந்தே போயிருந்தது. அவரும் தேடிப் பார்த்து விட்டுவிட்டார். 2012-இல் அவர் அப்பா ஃப்ரான்சிஸ் அலமாரியின் பின்பக்கத்தில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். உள்ளே மூன்றரை அங்குல டிஸ்க்குகள். உளவியல் அறிஞர் அவர், அந்த கேமுக்கு இசையமைத்ததும் அவரேதான். காந்தத் தகடு வயதாக ஆகப் படிக்க முடியாமல் போகும் என்பதால், பழைய டிஸ்க் வேலை தெரிந்தவர்களை வைத்துக் கவனமாகப் படியெடுத்து, கோடு பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டார்கள். முழுக்க ஆப்பிள் 2-இன் 6502 சிப்புக்கான அசெம்பிளி மொழி. அதை வைத்து பிபிசி மாஸ்டர் என்ற பழைய கணினிக்குக்கூட யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே இதைச் செய். கோடின் மாற்றங்களை எல்லாம் வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தை மிரர் குளோனாக, அதாவது முழு நகலாக எடு. ஒரே கோப்பாகக் கட்டும் பண்டில் போட்டால் போதும் என்று நினைக்காதே. பெரிய படங்களும் ஒலிக்கோப்புகளும் பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் எல்.எஃப்.எஸ்ஸில் இருந்தால் பண்டிலுக்குள் வராது, வெறும் சுட்டிதான் வரும். முதலில் எல்.எஃப்.எஸ் ஃபெட்ச் ஆல் ஓட்டி, அந்தக் கோப்புறையையும் சேர்த்து நகலெடு. நீ பயன்படுத்திய எஞ்சினின் அதே பதிப்பு இன்ஸ்டாலரை வை. அது இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து கோடு கையில் இருந்தும் பில்ட் ஆகாது. காசு கொடுத்து வாங்கிய பிளகின்கள், லேயர்களை ஒன்றாக்காத படங்கள், இசையின் தனித்தனி டிராக்குகள், ஆப் கையெழுத்துச் சாவி எல்லாம் வேண்டும். எந்த வரிசையில் பில்ட் செய்வது என்று ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதிவை. மொத்தத்துக்கும் கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்.எச்.ஏ-256 எண்ணை எடு, நகலெடுத்தபின் ஒப்பிட்டுப் பார். எஸ்எஸ்டியில் போட்டு மேஜை டிராயரில் வைக்காதே, மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் தரவு போய்விடக்கூடும். சாதாரண ஹார்ட் டிஸ்க் நல்லது, இரண்டு, வேறு வேறு கம்பெனி.

சேமித்து வை என்று மறுபடி மறுபடி சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்வாய். அலுத்துக்கொள், பரவாயில்லை. ஆனால் சேமித்து வை.

இன்னொன்று. உன் கேமின் மூன்றாவது கோட்டையில் செத்தால் ஆற்றங்கரை வரை திரும்பத் தள்ளிவிடுகிறாய். அங்கேதான் ஆள்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நிறுத்தம் வைத்துப் பார். அது உன்னால் ஒருநாளில் முடிகிற வேலை. அதைச் செய்யவும் சோர்ஸ் வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் அனுப்பியிருக்கிறாள், இந்த வாரம் வந்து சேரும். இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை பப்பிள் ராப் சுற்றி நம் வீட்டு விலாசத்துக்குக் கூரியர் செய். வந்ததும் நானே எஸ்.எச்.ஏ சரிபார்த்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா